இரண்டு மோட்டார், ஒரு ஓவன்

என் ஓவனுக்குப் பதினோரு வயது. விற்ற கடைக்காரர் ஐந்து வருஷம் உழைக்கும் என்று சொன்னார். அதையும் என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, பில் புத்தகத்தைப் பார்த்துச் சொன்னார். அதற்குப் பிறகு இந்த வீட்டில் இரண்டு மிக்ஸி, ஒரு கிரைண்டர், ஒரு ஃப்ரிட்ஜ், என் வீட்டுக்காரரின் மொபெட் எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டன. ஓவன் இருக்கிறது. இதைச் சொல்லும்போதே எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் பிள்ளைகளைக் காட்டுவதற்கு முன்னால் நான் ஓவனைத்தான் காட்டுகிறேன் என்று வீட்டுக்காரர் குறைப்பட்டுக்கொள்வார். பிள்ளைகளை எல்லோரும்தான் வைத்திருக்கிறார்கள்.

கல்யாணத்துக்கு முன்னால் மூன்று வருஷம் பெங்களூரில் ஒரு பேக்கரியில் வேலை பார்த்தேன். கேக்கின் மேல் க்ரீம் தடவுவது, பூப் போடுவது, பெயர் எழுதுவது என் வேலை. நாளுக்கு முப்பது நாற்பது பெயர் எழுதி எழுதி என் கையெழுத்து அச்சடித்த மாதிரி ஆகிவிட்டது. வேலையை விட்டு ஊருக்கு வரும்போது, சேர்த்து வைத்திருந்த சம்பளத்தில் எனக்கென்று ஓர் ஓவன் வாங்கினேன். ஓசூர் வழியாக வரும் பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். கண்டக்டர் டிவியா என்று கேட்டார். அடுப்பு என்று உண்மையைச் சொல்லித் தொலைத்தேன். அடுப்பெல்லாம் பஸ்ஸில் ஏற்றக்கூடாது என்று அவர் விசில் அடிக்கப் போக, இது பற்ற வைக்காத அடுப்பு என்று நான் சொல்ல, பின்னால் இருந்தவர்கள் எல்லாம் எழுந்து வந்து பார்க்க, கிருஷ்ணகிரி வரைக்கும் அந்த வழக்கு ஓடியது. கடைசியில் அவரே தன் மகளின் பிறந்தநாளுக்கு கேக் என்ன விலை என்று கேட்டுவிட்டுப் போனார்.

கல்யாணமாகி முதலில் பாப்பாரப்பட்டியில் வாடகை வீட்டில் இருந்தோம். என் வீட்டுக்காரருக்குப் பால் சொசைட்டியில் வேலை. காலையும் மாலையும் அவர் பாலோடு இருப்பார், பகலில் நான் ஓவனோடு இருப்பேன். எங்கள் பக்கத்தில் இப்போது கேக் வெட்டாமல் எதுவும் நடப்பதில்லை. பிறந்தநாள், காதுகுத்து, சீமந்தம், புதுமனை புகுவிழா. ஒருவர் புது டிராக்டருக்குப் பூஜை போட்டபோது டிராக்டர் மாதிரியே கேக் கேட்டார். செய்து கொடுத்தேன். பின் சக்கரத்தை அவர் அம்மா சாப்பிட்டார்கள்.

ஓவனை நான் எப்படி வைத்துக்கொண்டேன் என்பதைக் கேட்டால் சிலருக்கு என் மேல் கோபம்கூட வரும். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளித்தான் அது உட்கார்ந்திருக்கும். அதற்குப் பூப்போட்ட உறை தைத்துப் போடச் சொன்ன நாத்தனாரிடம், அதற்கு மூச்சு முட்டும் என்று சொல்லிவிட்டேன். சூடாக இருக்கும்போது கண்ணாடி மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் பட விடமாட்டேன். ஆறின பிறகு, உதிர்ந்த துணுக்குகளை எல்லாம் துணியால் ஒற்றி எடுத்து, ராத்திரி கதவை ஒரு விரல் திறந்து வைப்பேன். கதவு திறந்திருந்தால் பல்லி போகும் என்பதால் அந்த விரல் இடைவெளியில் கொசுவலைத் துண்டு சொருகுவேன். ஒருநாள் வீட்டுக்காரர் ஓவன் கதவைத் திறந்து அதன் மேல் ஈரத் துண்டைக் காயப்போட்டார். அன்றைக்கு நான் பேசிய பேச்சை எழுத முடியாது. எனக்கு மூக்கின் மேல் கோபம் வரும் என்பது தெரிந்துதான் அவர் என்னைக் கட்டிக்கொண்டார்.

இப்படிப் பார்த்துக்கொண்ட ஓவன், இண்டூர் போகும் வழியில் நாங்கள் சொந்தமாக வீடு கட்டிக்கொண்டு வந்த பிறகு வருஷத்துக்கு ஒருதரம் படுக்க ஆரம்பித்தது. வீடு ஊரைத் தாண்டிக் கொல்லைகளுக்கு நடுவே இருக்கிறது. எங்களுக்கு அந்த இரண்டரை சென்ட் வீட்டுமனையைத் தவிர ஒரு பிடி நிலம் கிடையாது. சுற்றிலும் இருப்பது அடுத்தவர்களின் மஞ்சளும் தக்காளியும் சாமந்தியும். ஓவனுக்குள் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று சூடாகும் கம்பி இருக்கும், ராடு என்போம். மூன்று வருஷத்தில் மூன்று ராடு போனது. ஒவ்வொரு தடவையும் ஓவனைத் துணியில் கட்டித் தர்மபுரிக்கு மெக்கானிக்கிடம் தூக்கிக்கொண்டு ஓடுவேன்.

மூன்றாவது தடவை அவர் கழற்றிப் பார்த்துவிட்டு, பின்னால் இருந்த பெட்டியைக் கிளறினார். இந்த மாடலைக் கம்பெனி நிறுத்தி வெகுநாளாகிறது, வேறு ராடு இதில் உட்காராது, பழைய சரக்கில் தேடி இரண்டே இரண்டு எடுத்தேன் என்றார். இரண்டையும் மாட்டினார். பிறகு என்னைப் பார்த்து, "ஓவன் மேல தப்பு இல்லீங்க. உங்க கரண்டு மேலதான் தப்பு. இதான் கடைசி ராடு. இது போனா, ஓவனை என்கிட்ட எடுத்துட்டு வராதீங்க" என்றார். ஏதோ ஆஸ்பத்திரியில் கேட்க வேண்டியதை ரிப்பேர்க் கடையில் கேட்டுக்கொண்டு நின்றேன்.

அவரே ஒரு சின்ன டப்பா கொடுத்தார். சுவரில் செருகினால் எத்தனை வோல்ட் வருகிறது என்று சிவப்பு எண்ணில் காட்டும். இருநூற்று முப்பதைத் தாண்டினால் ராடு வேகமாகத் தேயும், இருநூற்று நாற்பதைத் தாண்டினால் உடனே நிறுத்திவிடுங்கள், இருநூற்றுப் பத்துக்குக் கீழே போனால் கேக் வேகாது என்றார். ஸ்டெபிலைசர் விலை கேட்டேன். அந்த விலையில் இரண்டு ஓவன் வாங்கலாம். புது ஓவன் வாங்கினாலும் அதுவும் இதே கரண்டைத்தானே குடிக்கும். அதனால் டப்பாவை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்த டப்பாவைச் செருகிய நாளிலிருந்து எனக்குப் பொழுது போன கதையே தனி. வீட்டுக்காரர் கிரிக்கெட் ஸ்கோர் பார்ப்பார், நான் வோல்டேஜ் பார்ப்பேன். இரண்டு நாளில் ரகசியம் பிடிபட்டது. எங்கள் வீட்டுக்கும் சுற்றியுள்ள கிணறுகளுக்கும் ஒரே டிரான்ஸ்பார்மர். அதில் ஐந்து மோட்டார். மூன்று மோட்டார் பெரிய கிணற்றில். அது ஒரு மாமாவுக்கும் அவருடைய இரண்டு தம்பிகளுக்கும் பொதுக் கிணறு. நான்காவது தக்காளி போடும் அண்ணனுடைய ஆழ்துளைக் கிணறு, போர் என்போம். ஐந்தாவது சாமந்தி போடும் அக்காவின் கிணறு. ஐந்தும் நின்றிருந்தால் இருநூற்று அறுபத்தைந்து. ஒவ்வொரு மோட்டார் ஓடும்போதும் இருபது இருபதாகக் குறையும். ஐந்தும் ஓடினால் நூற்று அறுபத்தைந்து, கேக் களி.

கணக்குப் போட்டேன். இரண்டு மோட்டார் ஓடினால் இருநூற்று இருபத்தைந்து. கூடவும் கூடாது, குறையவும் கூடாது. சரியாக இரண்டு மோட்டார் ஓடிக்கொண்டிருந்தால் என் ஓவன் இன்னும் பத்து வருஷம் ஓடும். இதைக் கண்டுபிடித்த அன்றைக்கு நான் சமையலறையில் தனியாக நின்று ஆடினேன். பொய் சொல்வானேன், நிஜமாகவே ஆடினேன்.

ஆடினதோடு நிறுத்தியிருக்கலாம். டப்பாவைப் பார்த்தே யார் கொல்லையில் இருக்கிறார்கள், யார் வரவில்லை என்று சொல்லும் வித்தை எனக்கு வந்துவிட்டது. சாமந்தி அக்கா தினமும் விடிந்ததும் மோட்டார் போடுகிறவர். ஒருநாள் எட்டு மணிவரை எண் இறங்கவேயில்லை. பால் சொசைட்டியில் பத்துப் பேர் நடுவில், சாமந்தி அக்கா இன்னும் எழுந்திருக்கவில்லை என்று ஜோசியக்காரி தோரணையில் சொல்லிவைத்தேன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. மத்தியானம் அக்கா நேராக வாசலில் வந்து நின்றார்.

"என் மோட்டர எண்ணறதுக்கு நீ யாரு?" என்றார். அன்றைக்கு அவருக்குக் காய்ச்சல். படுத்திருந்திருக்கிறார். ஒற்றை ஆளாகப் பூப் பறித்து, கட்டி, சந்தைக்குப் போட்டுக்கொண்டு, யாரிடமும் ஒரு வாய்க் காபி வாங்கிக் குடிக்காதவர். அப்போதே மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். எனக்கு உடனே ரோஷம் வந்து, கரண்ட் எல்லோருக்கும் பொது என்று எதிர்த்துப் பேசிவிட்டேன். அவர் திரும்பிப் போனார். அதற்குப் பிறகு என்னைப் பார்த்தால் வரப்பு மாறி நடந்தார்.

மாசி பிறந்தால் பெரிய கிணற்றில் தண்ணீர் இறங்கிவிடும். அதுவரை யார் வேண்டுமானாலும் மோட்டார் போடுவார்கள். அதற்குப் பிறகு முறைதான். எந்தப் பொழுது யாருக்கு என்று சீட்டுக் குலுக்கி எடுப்பார்கள். சொம்பில் சீட்டைப் போட்டு, மாமா கண்ணை மூடிக்கொண்டு எடுப்பார். எந்த வரிசையில் வருகிறதோ அதுதான் அந்தக் கோடை முழுக்க. அதை யாரும் மீறியதில்லை. ஒருதரம் தம்பி ஒருவருக்கு மகன் நிச்சயதார்த்தத்தன்று காலை முறை விழுந்தது. வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு தண்ணீர் கட்டிவிட்டுத்தான் மண்டபத்துக்குப் போனார்.

போன வருஷம் சீட்டு எழுத என்னைக் கூப்பிட்டார்கள். என் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும் என்று மாமாவுக்குத் தெரியும். அவர் பேரனின் கேக்கில் பார்த்திருக்கிறார். நான் போய் உட்கார்ந்து மூன்று பேரின் பெயரையும் ஆளுக்கு இரண்டு சீட்டாக அழகாக எழுதினேன். கடைசியில் கை நிற்கவில்லை. ஏழாவதாக ஒரு சீட்டு எடுத்து 'ஓவன்' என்று எழுதி, மடித்து, சொம்பில் போட்டுவிட்டேன்.

போடவைத்தது இரண்டு பயம். கேட்டால் சிரிப்பார்கள் என்ற பயம் ஒன்று. கேட்காமல் இருந்தால் ராடு போய்விடும் என்ற பயம் இன்னொன்று. மாமா கண்ணை மூடிக்கொண்டு சொம்புக்குள் கையை விட்டார். முதல் சீட்டு அவருக்கு. இரண்டாவது சின்னத் தம்பிக்கு. மூன்றாவதைப் பிரித்தவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். தம்பியிடம் நீட்டினார். தம்பி இன்னொரு தம்பியிடம் நீட்டினார்.

"இது யாருதும்மா?" என்று மாமா கேட்டார்.

"என்னுதுங்க மாமா" என்றேன். எனக்குத் தண்ணீர் வேண்டாம், சனி ஞாயிறு ஆர்டருக்கு நான் கேக் சுடும் வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரையிலிருந்து பதினொன்றரை வரை உங்கள் கிணற்றில் ஒரே ஒரு மோட்டாரும் தக்காளி அண்ணனின் போரும் மட்டும் ஓடினால் போதும் என்று மூச்சுவிடாமல் சொன்னேன். டப்பாக் கணக்கு, கடைசி ராடு, மெக்கானிக் சொன்னது எல்லாம் கொட்டினேன். அவர்கள் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. பங்கில்லாதவள் சீட்டுப் போடலாமா என்று பெரிய தம்பி கேட்டார். போடக்கூடாதுதான், ஆனால் விழுந்த சீட்டைத் திருப்பிப் போட்டதில்லையே என்று மாமா சொன்னார். அவர்களுக்குள் அரை மணி நேரம் வாதம் நடந்தது. சீட்டு செல்லாது என்றால் அன்றைக்கு எடுத்த மற்ற சீட்டுகளும் செல்லாது. சின்னத் தம்பிக்கு விழுந்த காலை முறையை அவர் விடுவதாக இல்லை. கடைசியில் என் ஓவனுக்கு முறை கிடைத்தது. உலகத்தில் வேறெந்த ஓவனுக்காவது கிணற்றில் முறை உண்டா என்று கேட்டுக்கொண்டே வீட்டுக்கு ஓடினேன். ஓடும்போது ஒரு செருப்பு வாய்க்காலில் போய்விட்டது.

தக்காளி அண்ணன் பிரச்சினையே இல்லாதவர். அவர் வீட்டில் பேச்சு கன்னடம்; பெங்களூரில் நான் கற்றுக்கொண்ட கன்னடத்தில் பேசினால் குளிர்ந்துவிடுவார். "நிம்ம ஒலெ ஹேகிதெ?" என்றுதான் இன்றும் என்னைப் பார்த்தால் கேட்பார். உங்கள் அடுப்பு எப்படி இருக்கிறது என்று அர்த்தம். என்னை எப்படி இருக்கிறேன் என்று அவர் ஒருதரம்கூடக் கேட்டதில்லை.

சாமந்தி அக்காவிடம் மாமாதான் போய்ச் சொன்னார். அந்தச் சீட்டு உங்கள் கிணற்றுக்கு, என் கிணற்றுக்கு நான்தான் சீட்டு என்று அக்கா அவரைச் சொல்லி அனுப்பிவிட்டார். சொன்னபடியே செய்தார். வெள்ளிக்கிழமைகளில் நான் மாவு ஊற்றி வைத்திருக்கும்போது எண் திடீரென்று இருநூற்று ஐந்துக்கு இறங்கும். அவர் மோட்டார் போட்டுவிட்டார் என்று அர்த்தம். பத்து நிமிஷத்தில் நிறுத்துவார். மறுபடி போடுவார். கேக் பாதியில் நடுவே குழிந்து என்னைப் பார்க்கும். நான் பல்லைக் கடித்துக்கொண்டு குழியில் க்ரீமை நிரப்பி விற்றேன்.

மற்றபடி அந்தக் கோடை எனக்குக் கொண்டாட்டம். அதே பழக்கத்தில் மற்ற நாளும் இரண்டு இரண்டாக ஓட்டியதில் மோட்டார்களுக்கும் நல்ல வோல்டேஜ் கிடைத்தது. வருஷா வருஷம் உள்ளே கம்பிச் சுருள் எரிந்து, அதைப் புதிதாகச் சுற்ற ரீவைண்டிங் கடைக்குப் போகும் பெரிய கிணற்று மோட்டார் அந்த வருஷம் போகவில்லை. இந்த யோசனையே தன்னுடையது என்று மாமா டீக்கடையில் சொல்லிக்கொண்டிருந்தார். நான் மறுக்கவில்லை. கேக்கின் ஓரங்களை வெட்டி, என் முறைக்கு மோட்டார் ஓட்டியவர்கள் வீட்டுக்குப் பொட்டலம் கட்டி அனுப்பினேன்.

வைகாசியில் ஒரு கல்யாண ஆர்டர் வந்தது. பாப்பாரப்பட்டி மண்டபத்தில் சனிக்கிழமை சாயந்திரம் வரவேற்பு, கேக் அன்றைக்குச் சுட்டதாக இருக்க வேண்டும் என்றார்கள். ஆறு அடுக்குக் கேக். என் வாழ்க்கையில் அவ்வளவு பெரிய கேக் செய்ததில்லை. சந்தோஷத்தில் சரி என்று சொல்லிவிட்டு, ஃபோனை வைத்த பிறகுதான் யோசித்தேன். என் ஓவனில் ஒரு தடவைக்கு ஓர் அடுக்குதான் வேகும். ஒன்றுக்கு ஐம்பது நிமிஷம். காலை எட்டு மணியிலிருந்து ஒரு மணி வரை ஐந்து மணி நேரம் ராடு அணையாமல் எரிய வேண்டும். வேறு யாரிடமாவது தள்ளிவிடு என்று வீட்டுக்காரர் சொன்னார். முடியாது என்றேன். இதைச் செய்துவிட்டால் இண்டூரிலிருந்து கம்பைநல்லூர் வரைக்கும் கல்யாணத்துக்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள். ராடு போய்விட்டால் ஓவனும் போச்சு, பேரும் போச்சு. இரண்டும் தெரிந்துதான் ஒப்புக்கொண்டேன்.

மாமாவும் தம்பிகளும் அன்றைக்குக் காலையில் ஆளுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, ஐந்து மணி நேரத்துக்கு ஒரு மோட்டார் மாற்றி ஒரு மோட்டார் ஓட்டுவதாகச் சொன்னார்கள். தக்காளி அண்ணன் போர் ஓடும். சாமந்தி அக்காவிடம் நானே போனேன். அவர் பூக் கூடையை நிமிர்த்திக்கொண்டிருந்தார். சனிக்கிழமை ஒருநாள் மட்டும் காலையில் மோட்டார் போடாமல் இருங்கள் என்று கேட்டேன். அவர் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

சனிக்கிழமை எட்டு மணிக்கு முதல் அடுக்கு உள்ளே போனது. இருநூற்று இருபத்தைந்து. அப்படியே நின்றது. அக்காவின் மோட்டார் வாயே திறக்கவில்லை. இரண்டாவது, மூன்றாவது எல்லாம் தலை தட்டையாக, ஒரு விரிசல் இல்லாமல் எழும்பி வந்தன. எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது. முட்டை அடித்துக்கொண்டே பாடினேன், பாடிக்கொண்டே ஓடினேன், ஓவனுக்குத் திருஷ்டி படுமென்று அதன் பக்கத்தில் ஒரு எலுமிச்சம்பழம்கூட வைத்தேன்.

நான்காவது அடுக்கு உள்ளே போய்க் கால் மணி நேரம் இருக்கும். எண் இருநூற்று நாற்பத்தைந்துக்கு ஏறியது. வெளியே பெரிய கிணற்றுப் பக்கம் பைப்பில் காற்று இழுக்கும் சத்தம் கேட்டு, நின்றுபோனது. கிணறு வற்றிவிட்டது. மூன்று மோட்டாரும் அதே கிணற்றில்தான். மாற்றி ஓட்ட வேறொன்றும் இல்லை. வீட்டுக்காரரை ஓடச் சொல்லிக் கத்தினேன். எங்கே ஓடுவது என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அவர் செருப்புப் போடாமல் வெளியே ஓடினார்.

கண்ணாடிக்குள் ராடு ஆரஞ்சு நிறத்துக்கு மாறியது. சுவிட்சின் மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றேன். அணைத்தால் கேக் அமுங்கிவிடும், மறுபடி செய்ய மாவும் இல்லை, நேரமும் இல்லை. அணைக்காவிட்டால் ராடு எந்த நிமிஷமும் போகலாம். பத்து வருஷம் பொத்திப் பொத்தி வளர்த்த ஓவனை நானே கொல்லப் போகிறேன் என்று நினைத்து அழுகை வந்தது. அணைக்க முடியவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன்.

திறந்தபோது எண் இருநூற்று இருபத்தைந்தில் நின்றது.

வீட்டுக்காரர் மூச்சிரைக்கத் திரும்பி வந்தார். "நான் யாருகிட்டயும் போகவே இல்ல. வரப்பு ஏறறதுக்குள்ள சாமந்தி அக்கா மோட்டரு ஓடிருச்சு" என்றார்.

பதினோரு மணி வெயில். அந்த நேரத்தில் யாரும் பூவுக்குத் தண்ணீர் கட்டமாட்டார்கள். அதோடு அந்த வைகாசியில் அக்காவின் கிணற்றில் ஒரு நாளைக்கு ஊறும் தண்ணீர் ஒன்றே கால் மணி நேரத்துக்குத்தான் வரும். சாயந்திரத்துக்கு வைத்திருந்த தண்ணீர் அது. எனக்கு இதெல்லாம் தெரியும். அவர் மோட்டாரை எண்ணிக்கொண்டே இருந்தவள் நான்தானே.

நான்காவது அடுக்கை வெளியே எடுத்து வைத்துவிட்டு ஓடினேன். அக்கா தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு மண்வெட்டியோடு வாய்க்காலைத் திருப்பிக்கொண்டிருந்தார். மண் சூட்டில் தண்ணீர் பட்டு ஆவி வந்தது. என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

"வெந்துச்சா?" என்றார்.

வெந்துவிட்டது என்றேன். காய்ச்சலில் படுத்திருந்தவரை ஊர் சிரிக்கப் பேசியதற்கு அங்கேயே, அந்த வெயிலில், மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் காதில் வாங்கின மாதிரியே தெரியவில்லை. இன்னும் எத்தனை இருக்கிறது என்று கேட்டார். இரண்டு அடுக்கு என்றேன். அவர் கிணற்றை எட்டிப் பார்த்தார்.

"அரை மணி நேரத்துக்குத்தான் தண்ணி வரும். சின்னதா சுடு" என்றார்.

அந்த மாதிரி ஒரு யோசனை எனக்கு ஏழு ஜென்மத்துக்கும் வந்திருக்காது. திரும்பி ஓடினேன். வீட்டில் இருந்த எவர்சில்வர் கிண்ணங்களை எல்லாம் இறக்கி, வெண்ணெய் தடவி, மாவை ஊற்றி, இரண்டு தட்டிலுமாகப் பதினான்கு கிண்ணம் அடுக்கி உள்ளே தள்ளினேன். இருபத்தைந்தே நிமிஷம். கிண்ணங்களை எடுத்து ஓவனை அணைத்த கொஞ்ச நேரத்தில் அக்காவின் பைப்பும் காற்று இழுத்தது. மிச்ச மாவைத் தோசைக்கல்லில் ஊற்றினேன். வீட்டுக்காரர் நின்றபடியே தின்று தீர்த்தார்.

மண்டபத்தில் நான்கு அடுக்குக் கேக்கைச் சுற்றிப் பதினான்கு குட்டிக் கேக் நின்றது. ஆறு அடுக்கு என்றீர்களே என்று பெண்ணின் அப்பா ஆரம்பிப்பதற்குள், பெண் அந்தக் குட்டிக் கேக்கில் ஒன்றை எடுத்துத் தோழியிடம் காட்டிச் சிரித்துவிட்டாள். அத்தோடு நான் பிழைத்தேன். இப்போது கல்யாணக்காரர்கள் அடுக்கைக் குறைத்துக் கிண்ணக் கேக்கைக் கூட்டச் சொல்லி ஃபோன் செய்கிறார்கள்.

மறுநாள் காலையில் சாமந்தி அக்கா வந்தார். உள்ளே வரலாமா என்றுகூடக் கேட்கவில்லை, நேராகச் சமையலறைக்குப் போனார். அப்போதுதான் எனக்கு உறைத்தது, இத்தனை சண்டைக்கும் அவர் அந்த ஓவனை ஒருதரம்கூடப் பார்த்ததில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அதன் முன்னால் நின்றார். மேலே பார்த்தார், பக்கவாட்டில் பார்த்தார்.

"இத்துனூண்டுதானா?" என்றார்.

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அவருக்கும் வந்தது. ஐந்து மோட்டாரையும் ஐந்து குடும்பத்தையும் ஒரு கோடை முழுக்க ஆட்டிவைத்த சாமான், எங்கள் வீட்டு அரிசி டப்பாவைவிடச் சின்னது. இரண்டு பேரும் சமையலறைத் தரையில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தோம். நான் போட்டுக் கொடுத்த காபியை வாங்கிக் குடித்தார்.

இது எத்தனை வருஷம் வரும் என்று கேட்டார். எனக்குத் தெரியாது, இதுதான் கடைசி ராடு என்று சொன்னேன். அக்கா ஓவனின் தலையில் கையை வைத்துப் பார்த்தார்.

"மழ பேயட்டும், வரும்" என்றார்.

அந்த வருஷம் ஐப்பசி நன்றாகப் பெய்தது. நிலம் ஒரு பிடி இல்லாத நான், ஓவனுக்காக வாசலில் நின்று மழையைப் பார்த்து மகிழ்ந்தேன். அதே ராடுதான் இன்றைக்கும் எரிகிறது. வெள்ளிக்கிழமை ஒன்பதரைக்கு ஓடும் இரண்டு மோட்டாரில் ஒன்று இப்போது சாமந்தி அக்காவுடையது.